இல்லம் பேணல்: எலித் தொல்லை

வண்டிப்பெரியாற்றை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் விடுத்திருக்கிறார். ரேஷன் கடையில் வாங்கிய அரிசியைச் சாக்கோடு மூலையில் வைத்தால், பத்து நாளைக்குள் சாக்கின் அடியில் துளை விழுகிறதாம்; பிள்ளையின் பள்ளிச் சட்டையிலும் துளை; இரவெல்லாம் கூரையின்மீது ஓட்டம். “கடையில் மருந்து கேட்டேன், விழுது ஒன்று கொடுத்தார்கள். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உறியில் வைத்திருக்கிறேன்” என்று எழுதியுள்ளார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அன்பர் ஒருவரோ, அறுவடை முடிந்த கையோடு வயலெலி வீட்டுக்குள் குடிபுகுந்துவிடுகிறது, பூனை வளர்த்தும் பயனில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். இவ்விருவருக்குமாகவே இம்மாதம் எழுதப் புகுந்தேன். ரெயில்வே குமாஸ்தாவுக்கும் எலிக்கும் என்ன தொடர்பு என்று எவரும் நகைக்க வேண்டாம். சரக்குக் கொட்டகையில் மூட்டைகளோடு பத்தாண்டு பழகியவனுக்கு எலியைப் பற்றி ஓரளவு தெரியாமற் போகாது.

சகோதரிக்கு முதலில் சொல்லவேண்டிய விடை ஒன்று உண்டு: அவ்விழுதை வைக்க வேண்டாம், உறியிலும் வைத்திருக்க வேண்டாம்.

எலிக்கென்று விழுதாக விற்கப்படுவது பெரும்பாலும் நூற்றுக்கு மூன்று பங்கு மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தது. பற்பசைக் குழாயைப் போன்ற குழாயில் அடைத்து வருவதால், அதனைப் பற்பசை என்றே எண்ணிப் பல் துலக்கி உயிரிழந்தோரின் செய்திகள் நாளிதழ்களில் வந்துள்ளன. இதற்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. இதைவிடக் கொடியது இதன் வஞ்சகம். உட்கொண்ட அன்று வாந்தியும் வயிற்று வலியும் வரும். பிறகு ஓரிரு நாள் ஒன்றும் இல்லாததுபோல் குழந்தை ஓடி விளையாடும். பெற்றோர் கண்டம் தப்பியது என்று ஆறுதல் கொள்வார்கள். அதற்குள் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை தலைகாட்டும். அந்நிலையில் மருத்துவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. தமிழ்நாட்டரசு இவ்விழுதைத் தடைசெய்து ஆணையிட்டிருக்கிறது. ஆயினும் கேட்டால் கிடைக்கிறது என்பதற்குச் சகோதரியின் கடிதமே சாட்சி. கையிலுள்ள குழாயை ஓடையிலோ குப்பையிலோ எறிந்துவிடாமல், ஒரு டின்னில் இட்டு மூடி, பஞ்சாயத்துச் சுகாதார ஆய்வாளரிடமோ கிருஷி பவனிலோ கேட்டு ஒப்படைத்துவிடுதல் நலம்.

மற்ற மருந்துகள் ஆகுமா என்று கேட்கலாம். சாம்பல் கலந்த கறுப்பு நிறத்தில் பொடியாக விற்பது ஜிங்க் பாஸ்பைடு. வயிற்றின் புளிப்பு நீர் பட்டதும் அது பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவாகும். எலியைக் கொல்வதும் அவ்வாயுவே, மனிதனைக் கொல்வதும் அதுவே. நெற் கிடங்குகளில் புகையூட்டுவதற்குப் பயிற்சி பெற்றோர் கையாளும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இன்னும் கொடியது. காற்றிலுள்ள ஈரமே அதற்குப் போதும். அதனைக் குடியிருக்கும் வீட்டில் வைப்பது, வீட்டாரையும் சேர்த்துப் புகையூட்டுவதாகும். 2024-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில் நேர்ந்தது பலரும் படித்ததே. அடுக்குமாடி வீடொன்றில் எலித் தொல்லைக்காகப் பூச்சி ஒழிக்கும் நிறுவனத்தாரை அழைத்து மருந்து வைத்தார்கள். அன்றிரவு குளிர்சாதனத்தை ஓடவிட்டு உறங்கிய தாய், தந்தை, குழந்தைகள் நால்வரும் நோயுற்றனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆறு வயதும் ஒரு வயதுமான இரு குழந்தைகளும் இறந்தன. தொழிலாக மருந்து வைப்பவர்கள் வைத்த வீட்டிலேயே இவ்வாறாயின், பத்தடி அறையில் அடுப்பும் படுக்கையும் ஒன்றாக உள்ள லயத்து வீட்டில் நாமே வைக்கலாமா?

வில்லையாக வரும் புரோமாடியோலோன் இவற்றினும் ஆபத்துக் குறைந்தது. அது இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாளில் எலியைக் கொல்லும். மனிதர் உட்கொண்டால் வைட்டமின் ‘கே’ கொடுத்து மருத்துவர் காப்பாற்ற இயலும். எனினும் குழந்தையும் கோழியும் உலவும் வீட்டுக்கு அதையும் நான் சொல்லமாட்டேன். தின்ற எலி வெளியே தண்ணீர் தேடிச் சென்று அங்கேயே மடியும் என்று கடைக்காரர்கள் சொல்வது வெறுங்கதை. அது பரணிலும் சுவரிடுக்கிலும் செத்து நாறும். தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்ற நம் பூனையும், வயலில் நமக்காக உழைக்கும் கூகையும் அந்நஞ்சுக்கே இரையாகும்.

நஞ்சு வேண்டாம் என்றால் வேறென்ன செய்வது? எந்த எலி, எங்கே நுழைகிறது, எதைத் தின்ன வருகிறது என்னும் மூன்றையும் அறிந்து, வழியை அடைத்து, உணவை மூடி, அதன்பின் உள்ளே சிக்கியதைப் பொறியில் பிடிப்பதே முறை. இவ்வரிசை மாறக்கூடாது. வழியை அடைக்காமல் பொறி வைத்தால், வாழ்நாள் முழுதும் பொறி வைத்துக்கொண்டேயிருக்கலாம்.

வந்திருப்பது யார் என்பதைப் புழுக்கையே சொல்லிவிடும். அரிசிமணியைவிடப் பெரிதாகாமல், முனை கூர்ந்து, அடுக்களை மாடத்தில் சிதறிக் கிடந்தால் சுண்டெலி. அரை அங்குல நீளமாக இருந்தால் வீட்டெலி. இது ஏறுவதில் வல்லது. கூரையிலும் கயிற்றிலும் மரக்கிளையிலும் நடமாடும். தரையைத் தோண்டி மண்ணைக் குவித்து, சாக்கடை ஓரமாக வளை அமைப்பது பெருச்சாளி. இவற்றோடு சேர்த்து அடிபடும் இன்னொரு பிராணியும் உண்டு. நீண்ட மூக்கும் சிறு கண்ணும் கொண்டு, சுவரோரமாகக் கீச்சிட்டபடி ஓடும் மூஞ்சூறு எலியினமே அன்று. அது கரப்பானையும் புழு பூச்சியையும் தின்பது. நாற்றம் ஒன்றைத் தவிர அதனால் பெருந்தீங்கு இல்லை. பிள்ளையாரின் வாகனம் என்று சிலர் அதனை விட்டுவைப்பது வீட்டுக்கு நன்மையாகவே முடிகிறது.

சுண்டெலியின் உடலமைப்பை அறிந்தவர்கள் அதன் வழியை அடைப்பதில் அலட்சியம் காட்டமாட்டார்கள். மண்டை ஓடு நுழையும் இடத்தில் அதன் உடல் முழுதும் நுழைந்துவிடும். பென்சில் நுழையும் துளை, அதாவது கால் அங்குலம் போதும். பெரிய எலிக்கு அரை அங்குலத்திற்குச் சற்று மேல் வேண்டும். சுண்டெலி மூன்று வாரத்தில் குட்டி போடும்; ஒரு முறைக்கு ஐந்தாறு குட்டிகள்; அக்குட்டிகள் ஒன்றரை இரண்டு மாதத்திற்குள் தாமே ஈனத் தொடங்கும். ஆகையால் “இரண்டே இரண்டுதான், போகட்டும்” என்று விட்டுவைத்த வீட்டில், தை பிறக்குமுன் ஒரு படையே இருக்கும். தின்பதோ நாளொன்றுக்கு மூன்று கிராம் அளவே. ஆனால் தின்பதைவிடக் கழித்துக் கெடுப்பது பன்மடங்கு. அரிசி குறைந்தது பெரிதன்று, மிஞ்சியதும் ஆகாமற் போகிறது என்று சகோதரி எழுதியிருப்பது மெத்தச் சரி.

இனி வழி அடைக்கும் முறை. பகலில் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நில்லுங்கள். வெளிச்சம் எங்கெல்லாம் கீற்றாக வருகிறதோ அங்கெல்லாம் எலிக்கு வாசல் என்று கொள்ளலாம். பெரும்பாலும் முதற் கீற்று கதவின் அடியில்தான் தெரியும். மழையில் உப்பி வெயிலில் சுருங்கிய பலகைக் கதவில் முக்கால் அங்குலம் இடைவெளி இருப்பது வழக்கம். கதவின் அடியில் நான்கு விரல் அகலத் தகரப் பட்டையை அடித்து, நிலைக்கும் தகரத்திற்கும் இடையே கால் அங்குலத்திற்கும் குறைவாக விடவேண்டும். பிளாஸ்டிக்கும் ரப்பரும் எலியின் பல்லுக்கு ஈடுகொடுக்கமாட்டா. அடுத்தது, தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைத்து வரும் இடம். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அதில் இறுகத் திணித்து மேலே சிமெண்டுக் கலவை பூசுக. வெறுங் கலவை ஈரமாக இருக்கும்போதே எலி அதனைத் தோண்டிவிடும். நார் இருந்தால் பல் கூசும் போலும், விட்டுவிடுகிறது. துணியைத் திணிப்பவர்கள் எலிக்கு மெத்தை தைத்துக் கொடுக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். கழிநீர் போகும் துவாரத்திற்கும் சன்னலுக்கும் கால் அங்குலத்திற்கு மேற்படாத கண் கொண்ட இரும்புக் கம்பி வலை வேண்டும், கொசுவலை உதவாது.

லயத்து வீட்டில் கடினமான இடம் கூரை. பழைய லயங்கள் பலவற்றில் வீட்டுக்கு வீடு உள்ள நடுச்சுவர் கூரைவரை எழும்புவதில்லை. மேலே ஒரே வெளி. ஒரு கோடியில் ஏறிய எலி பத்து வீட்டையும் சுற்றிவிட்டு மறுகோடியில் இறங்கும். மடிப்புத் தகடு சுவர்மீது அமரும் இடத்தில், ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் ஒரு கை நுழையும் சந்து இருக்கிறது. அச்சந்துகளைச் செங்கல் துண்டும் கலவையும் கொண்டு அடைப்பதும், நடுச்சுவரின்மேல் கம்பி வலை கட்டுவதும் ஒரு வீட்டார் தனித்துச் செய்யும் வேலையன்று. செலவும் தொழிலாளி தலையில் விழவேண்டியதன்று. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு அமைத்துப் பேணுவதைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. அதன் பின் வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தோட்டத்துக் குடியிருப்பு வசதி இடம்பெற்றிருக்கிறது. ஆகவே எந்த வீட்டில் எந்தச் சந்து என்று எண்ணிட்டுப் பட்டியல் எழுதி, லயத்தார் அனைவரும் கையொப்பமிட்டு, நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்கி வைத்தல் வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது கங்காணியோடு நின்றுவிடும். குமாஸ்தா என்ற முறையில் எனக்கு இதில் ஐயமே இல்லை; கோப்பில் ஏறாத குறை குறையாகக் கருதப்படுவதில்லை.

உணவை மூடுவது இதனினும் எளிது. ஆனால் நாள் தவறாமல் செய்ய வேண்டுவது. சாக்கும் பிளாஸ்டிக் வாளியும் எலிக்குத் தடையல்ல. அரிசிக்கும் பருப்புக்கும் மூடி இறுகிய தகர டின் அல்லது எவர்சில்வர் டிரம் வாங்கிவிடுக. பழைய எண்ணெய் டின்னைத் தகர வேலைக்காரரிடம் கொடுத்து மூடி போட்டுக்கொண்டாலும் ஆகும். பாலக்காட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளில் நெல் வைக்கும் பத்தாயத்தின் கால்களை உயரமாக வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள்; அடியில் பெருக்கலாம், எலி தங்கினால் கண்ணுக்குத் தெரியும். சரக்குக் கொட்டகையிலும் இதே நியாயந்தான்: மூட்டையைத் தரையில் வைக்கலாகாது, கட்டைமேல் அடுக்க வேண்டும், சுவரை ஒட்டியும் அடுக்கலாகாது, ஆள் நடக்க இடம் விட வேண்டும். சுவரோரம் மறைவாகச் செல்வதே எலியின் பழக்கமாதலால், அந்த மறைவைக் கொடுக்காவிட்டால் பாதித் தொல்லை ஒழியும். விறகையும் இவ்விதமே சுவரைவிட்டுத் தள்ளி, தரையினின்று ஒரு முழம் உயரத்தில் பரண் கட்டி அடுக்குக. இரவில் கோழித் தீவனம் வெளியே கிடக்கலாகாது. எச்சிற் பாத்திரத்தை விடியற்காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று போட்டுவைப்பது வேலைக்குப் போய்வந்த களைப்பில் எல்லாரும் செய்வதே. கழுவ முடியாவிட்டால் நீர் ஊற்றி மூடியாவது வையுங்கள்.

குப்பை விஷயத்தில் நமக்கு மட்டும் தொல்லை என்று எண்ண வேண்டாம். நியூயார்க் மாநகரம் எலியை அடக்குவதற்கென்றே 2023-ஆம் ஆண்டில் தனி அதிகாரி ஒருவரை நியமித்தது. பணத்திற்கும் கருவிக்கும் குறைவில்லாத அந்நகரம் இறுதியில் கைக்கொண்ட பெருமருந்து யாதெனில், பைகளில் கட்டித் தெருவில் வைத்த குப்பையை மூடியுள்ள தொட்டிக்கு மாற்றியதே. 2024-இல் கடைகளுக்கும், பின்னர் சிறு குடியிருப்புகளுக்கும் அதனைக் கட்டாயமாக்கினர். நம் லயத்துக் கோடியில் மூடியுள்ள டிரம் ஒன்று வைக்க அதிகாரி எவரும் வேண்டாம்.

இனிப் பொறி. வழி அடைத்து உணவும் மூடிய வீட்டில் எலி பசியோடு இருக்கும். அப்போதுதான் பொறி பலிக்கும். ஒரு பொறி வைத்து ஒரு மாதம் காத்திருப்பதைவிட, ஐந்தாறு பொறிகளை மூன்று நான்கு இரவு வைத்து வேலையை முடிப்பது மேல். பொறியை அறையின் நடுவே வைக்காதீர்கள். சுவரோரமாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். சுண்டெலிக்கு எட்டடி தூரத்திற்கு ஒன்றாக வைக்கலாம். அது தன் வளையைவிட்டு அதிகத் தொலைவு செல்லாது. புதியதைக் கண்டால் முகர்ந்து பார்க்கும். பெரிய எலியோ புதிய பொருளைக் கண்டு அஞ்சும். அதற்கு முதல் இரண்டு மூன்று நாள் பொறியை ஏற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கி, பிறகு ஏற்றுக. இரை என்றதும் மசால் வடை நினைவுக்கு வருவது நம் மரபு. வடை நன்றே, ஆனால் எலி அதனைக் கவ்வி இழுத்துக்கொண்டு போகாமல் நூலால் கட்டிவைக்க வேண்டும். சுட்ட தேங்காய்ச் சில்லும், கருவாட்டுத் துண்டும், வறுத்த கடலையை அரைத்த விழுதும் வடைக்குச் சளைத்தவையல்ல.

பசை அட்டையை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒட்டிக்கொண்ட எலி இரவெல்லாம் துடித்துக் கதறுவதைப் பிள்ளைகள் பார்க்க நேர்கிறது. பல்லியும் சிட்டுக்குருவியும் ஒட்டிக்கொள்கின்றன. அந்துருண்டையின் வாசனைக்கு எலி ஓடும் என்பதும் நிலைப்பதில்லை. மின்சாரத்தில் செருகிவைத்தால் காதுக்குக் கேளாத ஒலி எழுப்பி எலியை விரட்டும் என்று விளம்பரம் செய்யும் கருவிகளில் காசைக் கரியாக்க வேண்டாம். 2001-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டு வாணிப ஆணையம் அறுபதுக்கு மேற்பட்ட உற்பத்தியாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும், ஆதாரமின்றி அவ்வாறு விளம்பரம் செய்யலாகாது என்று எச்சரிக்கை அனுப்பியது.

கொழிஞ்சாம்பாறை அன்பருக்கு ஒரு வார்த்தை. பாலக்காட்டு வயல்களில் முதற் பயிர் செப்டம்பர், அக்டோபரிலும், இரண்டாம் பயிர் ஜனவரியிலிருந்து மார்ச்சு வரையிலும் அறுவடையாகின்றன. நெல் நின்றவரை வயலில் கவலையற்று வாழ்ந்த எலி, தாள் அறுந்ததும் மறைவும் இரையும் இழந்து, அடுத்துள்ள வைக்கோற் போருக்கும் வீட்டுக்கும் வருகிறது. எனவே வீட்டில் வேலை தொடங்க வேண்டியது அறுவடைக்கு முன்; எலி வந்த பின்பு அன்று. வயல் வரப்பில் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பது பழகிய கைக்கு மிகச் சிறந்த முறை. மூங்கில் வில்லும் நாணும் கொண்ட அப்பொறியில் நஞ்சும் இல்லை, பெருஞ்செலவும் இல்லை. சிறு வரப்பாக அமைப்பதும் நன்று. அகன்ற வரப்பிலேதான் வளை அதிகம். வைக்கோற் போரை வீட்டுச் சுவரினின்று தள்ளி அமைக்க. வயலில் சாரைப்பாம்பைக் கண்டால் அடித்துவிடாதீர்கள். அதற்கு நஞ்சில்லை, எலியே அதன் முக்கிய உணவு. ஆனால் எலி நிறைந்த வீட்டைத் தேடிச் சாரை மட்டும் வருவதில்லை. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். தரையில் பாய் விரித்து உறங்கும் குடும்பங்களுக்கு எலியை ஒழிக்க இதைவிட வேறு காரணம் தேவையில்லை. பூனையைப் பற்றிக் கேட்டிருந்தார்: பூனை சுண்டெலியைப் பிடிக்கும், வளர்ந்த பெருச்சாளியிடம் பெரும்பாலும் போகாது. அதன்மேல் பழி போட வேண்டாம்.

ஏல மலைப் பக்கத்து வாசகர்கள், எலி தோட்டத்து ஏலக்காயையும் விடுவதில்லை என்று சொல்வார்கள். உண்மையே, செடியின் அடியில் தரையோடு படரும் சரத்தில் காய்ப்பதால் எலிக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. தோட்டத்தைப் பற்றி வேறொரு மாதம் விரிவாக எழுதுவேன்.

நிற்க. எலியைப் பொருட்சேதமாக மட்டும் கருதினால் இவ்வளவு எழுத வேண்டுவதில்லை. நம் முன்னோர் அதனைக் கூற்றுவனின் தூதாகக் கண்ட காலம் ஒன்று இருந்தது. 1896-இல் பம்பாயில் இறங்கிய பிளேக் நோய் இருப்புப்பாதை வழியே நாடெங்கும் பரவியது. எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு வயலில் குடிசை போடுவர். 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் ரெயில் பிரயாணிகளைச் சோதிக்க அதிகாரம் அளித்தது. நிலையங்களில் பிரயாணிகளை இறக்கி வரிசையில் நிறுத்திக் கழுத்தையும் அக்குளையும் பார்த்தனர். எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சைமண்டு 1898-இல் கராச்சியில் சோதனை செய்து சொன்னார். பல ஆண்டுகள் அதனை ஒருவரும் ஒப்பவில்லை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரால் அம்மன் இன்றும் வணங்கப்படுகிறாள். நம்மிற் பலரின் பாட்டன்மார் குமுளி ஏறுமுன் வாழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில், நோய் விடாது நிலைத்திருந்த காரணத்தை 1930-களில் தனியே ஆராய வேண்டியதாயிற்று. இன்று அந்நோய்க்கு மருந்து உண்டு. நம் பகுதியில் அதன் அச்சமும் இல்லை.

இன்று அஞ்ச வேண்டியது வேறு. மலையாளத்தில் எலிப்பனி என்றும் நாம் எலிக்காய்ச்சல் என்றும் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் கேரளத்தில் மழைக்காலந்தோறும் உயிர் குடிக்கிறது. 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் வடிந்த பின்பு மாநிலமெங்கும் அது பரவியது; வெள்ளநீரில் இறங்கியவர்களுக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்கிளின் மாத்திரையை அரசே வழங்கியது. கிருமி எலியின் சிறுநீரில் உள்ளது. அது கலந்த ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் நடக்கும்போது, காலில் உள்ள சிராய்ப்பு வழியே உடலுக்குள் புகுகிறது. அட்டை கடித்த புண்ணோடு கொழுந்து பறிக்கும் பெண்களும், சேற்றுப் புண்ணோடு நாற்று நடுபவர்களும், சாக்கடை எடுப்போரும் முதலில் அகப்படுவார்கள். காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் தாங்கொணா வலி, கண் சிவப்பு ஆகியவை கண்டால், சாதாரணக் காய்ச்சல் என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் வேலைக்குப் போகாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, இன்ன இடத்தில் நீரில் நின்றேன், வீட்டில் எலி உண்டு என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடக்கத்தில் எளிதில் தீரும் நோய் அது; சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடித்த பின்பு தீர்ப்பது அரிது.

இதனாலேயே எலிப் புழுக்கையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கலாகாது, தூசி பறக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழந்துணியால் ஒற்றி எடுத்து, துணியை எரித்துவிடுக. செத்த எலியை வெறுங்கையால் தொடாமல், கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு எடுத்து, ஓடையைவிட்டுத் தள்ளி ஆழப் புதைக்க. எலி மேய்ந்த அரிசியைக் கழுவிச் சமைக்கலாமா என்று ஒருவர் முன்பு கேட்டிருந்தார். துளை விழுந்த இடத்தைச் சுற்றியுள்ளதை மனம் நோகாமல் கொட்டிவிட வேண்டும்.

குழந்தை எலி மருந்தை வாயில் வைத்துவிட்டதாகச் சிறு ஐயம் எழுந்தாலும், உப்பு நீரோ பாலோ முட்டையோ கொடுத்து வாந்தி வரவழைக்க முயலாதீர்கள். எந்த மருந்து என்பதை அறிய அதன் உறையையும் எடுத்துக்கொண்டு 108 வண்டியை அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 116 117. இரவும் பகலும் விடை கிடைக்கும். குழந்தை தெளிவாக இருக்கிறதே என்று திரும்பி வந்துவிட வேண்டாம். விழுதின் வஞ்சகத்தை மேலே சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, சகோதரி தனியே எவ்வளவு பாடுபட்டாலும் பயன் பாதியே. ஒரு வீட்டில் வழியடைத்தால் எலி பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கே விரட்டினால் மூன்றாம் வீட்டுக்குப் போகும். வாரம் திரும்பினால் முதல் வீட்டில் மீண்டும் கரண்டி உருளும். ஆகையால் லயத்துப் பத்து வீடும், கஞ்சிக்கோட்டுப் பக்கத்து லைன் வீடுகளாயின் அவ்வரிசை முழுதும், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இதனைச் செய்ய வேண்டும். காலையில் பரண் சாமானை எல்லாம் வெளியே இறக்கி வெயிலில் போடுக. இருவர் சந்து தேடிச் சுண்ணாம்பால் வட்டமிட்டுக்கொண்டு முன்னே செல்ல, கலவைச் சட்டியோடு இருவர் பின்னே வரட்டும். பிள்ளைகள் குப்பை மேட்டையும் வீட்டுப் பின்புறத்துப் புதரையும் ஒழிக்கட்டும், காலில் செருப்போடு. மாலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பொறி. வீட்டுக்கு ஐந்து பொறி வாங்குவது பலருக்கு இயலாது. நம் சங்கக் கிளை ஒவ்வொன்றும் இருபது, முப்பது பொறிகளைப் பொதுப்பணத்தில் வாங்கி வைத்து, வாரம் ஒரு லயமாகச் சுற்றுக்கு விடலாம். பெயர் எழுதிக் கொடுத்துப் பெயர் அடித்து வாங்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மலைப்பகுதிக்கு ஏற்ற காலம் மே மாதம். ஜூனில் மழை பிடித்துவிட்டால் கலவை உலராது, எலியும் உள்ளேதான் ஒதுங்கும். பாலக்காட்டுப் பக்கத்தார் ஆவணியில் ஒரு முறையும் மார்கழியில் ஒரு முறையும் வைத்துக்கொள்ளலாம். தகரம் வாங்கப் போகுமுன் கதவின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள்; பத்து வீட்டுக் கதவும் ஒரே அளவில் இருப்பதில்லை.